‘நில்’ என்றொரு கட்டளை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். இருமல் போய்விட்டது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்கிறேன். வாலு பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள். அவள் அம்மா என்னைத் திட்டுகிற அளவுக்கு நலமாக இருக்கிறாள். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்துத் தரிசனம் செய்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் போய் உட்காரும் குழு உனக்குத் தெரியும். ஃபோர்ட்ரான் என்கிற கிழட்டுக் கணினி மொழியில் எது செல்லும், எது செல்லாது என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதிவைப்பது எங்கள் வேலை. இப்போது புதிய தரம் தயாராகிறது. வாங்கிய நினைவகத்தை வேலை முடிந்ததும் தானே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு நீண்ட பட்டியல் முழுவதையும் ஒரே வரியில் கணக்குப் போடலாம். பெயர்களை ஆறெழுத்துக்குள் நெரிக்க வேண்டாம் என்பது போன தரத்திலேயே வந்துவிட்டது. உங்கள் அணை அலுவலகம்தான் அதற்கும் முந்தியதைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

சிலவற்றைக் கழிக்கவும் போகிறோம். அதில் ஒன்று டேப் ரிக்கார்டரில் இருப்பது போன்ற ‘பாஸ்’. நீ ‘நில்’ என்பாயே, அதுதான். புரோகிராம் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். யாராவது விசையைத் தட்டினால்தான் நகரும். இதை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று குழுவில் கேட்டார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. நீ பயன்படுத்துகிறாயா?

அன்புடன்,
தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி வலிக்கிறது, நான் நடக்கிறேன், இரண்டும் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். வாலுவுக்கும் உன் வீட்டுக்காரிக்கும் என் அன்பு. அவளை இன்னும் கொஞ்சம் உரக்கத் திட்டச் சொல்.

பயன்படுத்துகிறேன். ஒரே ஓர் இடத்தில். அதை எடுத்துவிடாதே.

எங்கள் புரோகிராம் மேலே பெய்த மழையையும் அணையின் மட்டத்தையும் வைத்து, மதகை எவ்வளவு தூக்க வேண்டும் என்று கணக்குப் போடும். கடைசி வரியில் மதகு மோட்டாருக்குக் கட்டளை போகும். அந்த வரிக்கு முந்திய வரிதான் ‘நில்’. புரோகிராம் நின்றதும் நான் சங்குக்காரருக்குப் போன் செய்வேன். அணைக்குக் கீழே கரையில் ஒரு சின்ன அறையில் இருக்கிறார். அபாயச் சங்கை ஊதிவிட்டு வெளியே வந்து இரண்டு கரையையும் கண்ணால் பார்ப்பார். “காலியா இருக்கும்மா” என்றால் விசையைத் தட்டுவேன். சில நாள் “ரெண்டு பேர் துணிய மூட்ட கட்டிக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க” என்பார். பொறுப்பேன். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் புத்திக்குப் பட்டதை எழுதினேன், அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அதை ஒரே சொல்லில் எழுத வசதி செய்துகொடுத்த மொழி அது. உன் குழுவில் போய்ச் சொல்.

உன்
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் சௌக்கியம். இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சொன்னேன். உன் சங்குக்காரரைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: “அதே வேலைய ரெண்டு வரியில செய்யலாமே? திரையில ஒரு செய்தி எழுது, அடுத்த வரியில ஒரு பதில் வாசி. பதில் வர்ற வரைக்கும் அது நின்னுதானே ஆகணும்?” உண்மைதான் அக்கா. ‘நில்’ ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி நிற்கிறது. இந்த இரண்டு வரி எங்கும் ஒரே மாதிரி நிற்கும். எனக்கும் சரியென்று பட்டது. வாக்கெடுப்பில் நானும் கை தூக்கினேன்.

அந்த இரண்டு வரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே போட்டுக்கொள். உன் ‘நில்’ எங்கும் போய்விடவில்லை, சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. வெயில் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, அதைத் தவிர குறை ஒன்றுமில்லை.

நீ எழுதிய மை காயவில்லை, நம் வரிகளைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் புதிய கம்பைலர் இங்கே வந்து இறங்கிவிட்டது. வரப்போகும் தரத்தை இம்மி பிசகாமல் பின்பற்ற வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் உத்தரவு. ‘நில்’லைப் பார்த்ததுமே பிழை என்று துப்பிவிட்டது. வேறு வழியில்லாமல் உன் இரண்டு வரியைப் போட்டேன். நிற்கிறது. தட்டினால் போகிறது. வாயை மூடிக்கொள்கிறேன்.

நீண்ட பெயர்கள் வைக்கலாம் என்பது மட்டும் உண்மையிலேயே சந்தோஷம். முன்பு எல்லாவற்றையும் ஆறெழுத்தில் நசுக்கி வைத்து, மேல்மட்டம் எது, கீழ்மட்டம் எது என்று எழுதிய எனக்கே குழப்பம். வரி எழுபத்திரண்டு எழுத்தைத் தாண்டினால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கும் கெட்ட பழக்கமும் போய்விட்டது. எத்தனை நாள் அந்த விழுங்கலைத் தேடி அலைந்திருக்கிறேன்!

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பெரிய கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் கண்ணாடிக்காரி என்கிறார்கள். கெட்டிக்காரி. உன்னைப் போலவே அவசரக்காரி. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறாள்.

உன்
அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

நலம்தான், ஓட்டமாக எழுதுகிறேன், தபால் பெட்டி திறக்கும் நேரம். நீ வாயை மூடிக்கொண்டதாக எழுதிய வரியை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறை கிடைப்பது. குழுவிலும் சொன்னேன்: “அணையே மாறிடுச்சு, இனி யாருக்கு என்ன?” சிரித்தார்கள். குழாயைச் சரிசெய். வாலுவுக்குப் பல் விழுந்தது, அதை உனக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிக்கிறாள்.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

குழாயைச் சரிசெய்தேன். ஆளைக் கூப்பிடாமல் நானே செய்தேன். பழைய வளையத்தைக் கழற்றுவதற்கு ஒரு முழுக் காலை பிடித்தது. பிறகு முன்னறைக்கு வண்ணம் அடித்தேன். வெளிர்மஞ்சள். பக்கத்து வீட்டம்மா செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துவிட்டு, “கடைசிச் சுவர்ல கை ஓஞ்சிருச்சு போல” என்றாள். ஓயத்தான் செய்தது. புதன்கிழமை மறுபடி அடித்தேன். மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய சாமான்களையும் ஒழித்துவிட்டேன். உன் ஒற்றைச் சக்கர வண்டி கிடைத்தது. இன்னொரு சக்கரத்தை என்ன செய்தாய் என்று இப்போதாவது சொல்லலாம்.

மழை நல்ல மழை. உன் குழுவின் வேலை எந்த அளவில் இருக்கிறது? தரம் அச்சுக்குப் போய்விட்டதா? வாலுவின் பல் வந்து சேர்ந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன்
அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். அங்கே நலமா என்று இந்த முறை சடங்குக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழாய், சுவர், படி, வண்டி. செவ்வாய்க்கிழமை சுவர், புதன்கிழமை மறுபடி சுவர். வேலை நாளில் நீ வீட்டில் என்ன செய்கிறாய்? ஜூன் மழையில் அணையை விட்டு ஒரு நாள் நகர்ந்ததில்லை நீ. அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்குக்காரர் இல்லை, கண்ணாடிக்காரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். என் வீட்டுக்காரிகூடக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அக்காவுக்கு என்னமோ ஆயிருக்குங்க” என்றாள்.

உடம்பா? வேலையா? எதுவானாலும் எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 25

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் யாரென்று தாங்கள் ஒருவேளை கேள்விப்பட்டிருக்கலாம். அலுவலகத்தில் என்னைக் கண்ணாடிக்காரி என்பார்கள். தங்கள் பழைய கடித உறை ஒன்று மேடத்தின் மேசையில் இருந்தது. முகவரியை அதிலிருந்து எடுத்தேன். மன்னிக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் விடாமல் மழை. ஆள் இல்லாத வேளையிலும் கணக்கு ஓட வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் சொன்னார். ஓட்டிப் பார்த்தேன். புரோகிராம் ஓரிடத்தில் ஒரு பதிலை வாசிக்கக் காத்து நின்றது. அந்தப் பதிலைப் பிறகு எங்கும் பயன்படுத்தவில்லை. ஏதோ பழைய மிச்சம் என்று நினைத்தேன். வெற்று வரிகள் மட்டும் உள்ள ஒரு கோப்பைச் செய்து, பதிலை அதிலிருந்து வாசித்துக்கொள்ளச் செய்தேன். அழகாக ஓடியது. நிற்கவே இல்லை. அன்றைய மட்டத்துக்கு மதகைத் தூக்கத் தேவை வரவில்லை. அது மேடத்தின் விடுமுறை நாள். ஏன் அந்த வரி என்று ஒரு போன் செய்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மதகு தானாகத் திறந்தது. யாரும் சங்குக்காரரைக் கூப்பிடவில்லை. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரைப் பார்த்து ஓடிக் கரையேறினார்கள். ஒரு பெண் மட்டும் நடு ஆற்றில் மாட்டிக்கொண்டு ஒரு பாறை மேல் ஏறி நின்றுவிட்டார். மதகை மூடி நீர் வடியும்வரை நின்றார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே இறக்கியபோது அவரால் பேச முடியவில்லை.

விசாரணையில் மேடம் சொன்னது இவ்வளவுதான்: “வரியை எழுதுனது நான். எதுக்குன்னு பக்கத்துல ஒரு குறிப்புகூட எழுதாம விட்டதும் நான்.” நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். மேடத்தைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது. இனி நிற்கவே வேண்டாம், சங்கையும் மதகோடு இணைத்துவிட்டால் தானாக ஊதிவிட்டுத் தானாகத் திறக்கும் என்று புதிய திட்டம் தயாராகிறது. மேடம் திரும்பி வராவிட்டால் அதுதான் நடக்கும்.

நான் எழுதியது மேடத்துக்குத் தெரியாது.

பணிவுடன்,
கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 12

அணையின் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். தாங்கள் நீக்கிவைத்திருக்கும் பொறியாளர் என் அக்கா. ஃபோர்ட்ரான் மொழியின் புதிய தரத்தை எழுதும் குழுவில் நான் ஓர் உறுப்பினர். தம்பி அக்காவுக்காகப் பரிந்து எழுதுகிறான் என்று தள்ளிவிடாமல் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

அந்த இடத்தில் என் அக்கா முதலில் எழுதியிருந்தது ஒரே சொல். அதைப் பார்க்கிற எவருக்கும் இங்கே நின்றாக வேண்டும் என்று புரிந்திருக்கும். அந்தச் சொல்லை மொழியிலிருந்து நீக்க வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பதிலாக இரண்டு வரிகளை எழுதிக்கொடுத்ததும் நான்தான். வாசிக்கும் வரியை ஒரு கோப்பிலிருந்தும் வாசிக்கச் செய்யலாம் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் கற்கும் பாடம். எழுதிக்கொடுத்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. கரையில் நிற்கும் ஆட்களை நான் பார்த்ததில்லை. என் அக்கா தினமும் அவர்களை நினைத்துத்தான் அந்த விசையைத் தட்டியிருக்கிறாள்.

சங்கு தானாக ஊதலாம், ஐயா. கரையைத் தானாகப் பார்க்க முடியாது. அதற்கு ஒருவர் வெளியே வந்து இரண்டு கரையிலும் கண்ணை ஓட்ட வேண்டும். இதை எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்கிறேன்.

உண்மையுள்ள,
பொறியாளரின் தம்பி


செப்டம்பர் 2

டேய்,

நலமெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். யாரைக் கேட்டு எழுதினாய்? நான் கேட்டேனா? தலைமைப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் மேசையிலிருந்த காகித எடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வயதில் அலுவலகக் கழிப்பறையில் என்னை அழவைத்த பெருமை உனக்கே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் உன் இரண்டு வரியால்தான் ஆயிற்று என்று நீ குமைவாய். தூக்கம் கெடும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்கு எதற்கு அந்தப் பாரம் என்று சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக்காரி காரியத்தைக் கெடுத்துவிட்டாள். அவளையும் திட்டிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து தேநீர் குடித்தோம்.

நீக்கத்தை ரத்துசெய்துவிட்டார்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும். சங்கை மதகோடு இணைக்கும் திட்டத்தை நிறுத்திவைத்து, என் யோசனையை எழுதித் தரச் சொன்னார். பிடிக்காமல்தான் சொன்னார். “எழுதுங்க, பாப்போம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுதிவிட்டேன். இனி வெறும் விசை இல்லை. புரோகிராம் இரண்டு கேள்வி கேட்கும். கரையில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் இப்போது தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது? கரையில் எத்தனை பேர்? முதல் பதில் அணையின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். கரைக்குப் போகாமல் அதைச் சொல்ல முடியாது. எந்தக் கோப்பிலும் முன்கூட்டி எழுதிவைக்கவும் முடியாது. இரண்டாவது பதில் பூஜ்யமாக இருந்தால்தான் மதகு நகரும். முதல் கேள்வி கண்ணாடிக்காரியின் யோசனை. “என்னை மாதிரி இன்னொருத்தி வருவா மேடம்” என்றாள்.

பெயர்கள் இப்போது முப்பத்தோரெழுத்து வரை போகலாம் அல்லவா? அந்த இரண்டாவது பதிலுக்கு, ஆங்கில எழுத்தில், ‘கரையில்_இப்போது_எத்தனை_பேர்’ என்றே பெயர் வைத்தேன். அடங்கிவிட்டது. இதை யாரும் பழைய மிச்சம் என்று நினைக்க முடியாது. பக்கத்தில் குறிப்பும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன்: எல்லோரும் நலமா?

உன்
அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்கா,

நலம். நீ அழுதாய் என்ற வரியைச் சுவரில் ஒட்டவில்லை.

குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். பாறை மேல் நின்ற பெண்ணைப் பற்றியும் சொன்னேன். பிறகு தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். தரம் முடிந்துவிட்டது, அக்கா. நீக்கப்பட்டவற்றின் வரிசையில் ‘நில்’ இருக்கிறது. திரும்பக் கொண்டுவர நேரம் கடந்துவிட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனால் நீ எழுதியிருப்பது அதைவிட நல்லது. இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை.

நான் குமையக் கூடாதென்று மறைத்தாய். இனி அப்படிச் செய்யாதே. குமைய எனக்கும் உரிமை உண்டு. முதல்முறை மதகு திறக்கும்போது எப்படி நடந்ததென்று எழுது.

தம்பி


நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

முட்டியைத் தவிர மற்றெல்லாம் நலம். நீங்கள் மூவரும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருங்கள்.

நேற்று மதகு திறக்க வேண்டியிருந்தது. அணை நிறைந்து நின்றது. தலைமைப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடிக்காரி பக்கத்தில். புரோகிராம் கேட்டது. சங்குக்காரரைக் கூப்பிட்டேன். சங்கு ஊதியது எங்கள் அறை வரைக்கும் கேட்டது. கம்பத்தின் கோட்டைச் சொன்னார். பிறகு, “ஒருத்தர் இருக்காரும்மா. அக்கரையில தண்ணி ஓரமா சைக்கிள் கழுவுறாரு. இவ்வளவு சங்குக்கும் தலையத் தூக்கலம்மா. காது கேக்காது போல. நான் பாலத்துல போயி சொல்லிட்டு வாறேன்” என்றார்.

ஒன்று என்று அடித்தேன். புரோகிராம் மறுபடி அதே கேள்வியைக் கேட்டது.

காத்திருந்தோம். அவர் நிறுத்தாமல் விட்டுப்போன சங்கு இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. தானாக ஊதிவிட்டுத் தானாகத் திறந்திருந்தால் இந்நேரம் என்று எனக்குள் ஓடியது. கண்ணாடிக்காரி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துப் போன் அடித்தது. எனக்கு முன்னால் அவர்தான் எடுத்தார்.

“தோளத் தொட்டேன் சார், பயந்துட்டாரு. அப்புறம் கையக் காட்டிச் சொன்னேன், புரிஞ்சுது. ஆனா பின் சக்கரம் பாக்கி இருக்காம், தொடச்சிட்டுத்தான் வருவேங்குறாரு.”

தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்:

“தொடைக்கட்டும்யா. நாங்க இருக்கோம்.”

உன்
அக்கா